தோட்டப்புற ஊரில் உளச்சிகிச்சை நூல்களை வாசிக்கும் முறை

மனத்தின் அறியப்படாத ஆழங்களைப் பேச்சின் வழியே ஆராயும் உளப்பகுப்பாய்வு பற்றியும் உளச்சிகிச்சை பற்றியும் அண்மைக் காலத்தில் ஆங்கிலத்தில் வந்திருக்கும் நூல்களில் பெரும்பாலானவை, லண்டன், நியூயார்க் போன்ற பெருநகரங்களில், கதவடைத்த ஓர் அறையில், கட்டணம் செலுத்தி வாரந்தோறும் வரும் ஒருவரோடு நடந்த பேச்சிலிருந்து பிறந்தவை. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற ஊரில் அந்த அறை நமக்கு எளிதில் வாய்ப்பதில்லை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் ஒரு பலகைச் சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம் இருந்தது. தோட்டங்கள் கைமாறி, மக்கள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடி வீடுகளுக்கும் வந்துவிட்ட பிறகும், மனக்கோளாறுக்காக ஒருவர் எங்கோ போய் வந்தார் என்ற செய்தி மாலைக்குள் கோயில் வாசலை எட்டிவிடுமே என்ற அச்சம் அப்படியே இருக்கிறது. ஆகவே நமக்கென்று ஒரு வாசிப்பு முறையும் வரிசையும் தேவைப்படுகின்றன. பிறருக்கு நோய்ப் பெயர் சூட்டும் ஆசையை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, எதிரில் இருப்பவர் சொல்வதை இறுதிவரை கேட்கப் பழகுவதற்காக இந்நூல்களைப் படிக்க வேண்டும் என்பதே என் கருத்து. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் அந்த நோக்கத்துக்காக அமைக்கப்பட்டது.

முதல் நூல் எது என்பதில் நான் தயங்குவதில்லை. ஜிம்பாப்வே நாட்டு மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2025-இல் வெளியிட்ட 'தி ஃபிரெண்ட்ஷிப் பெஞ்ச்' நூலிலிருந்து தொடங்குங்கள். பேருந்துக் கட்டணத்துக்கு வழியில்லாததால் மருத்துவமனைக்கு வர முடியாமல் போன இளம் நோயாளி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு, நோயாளிகள் தம்மைத் தேடி வரும்வரை காத்திருப்பது போதாது என்று அவர் உணர்ந்தார். கட்டடமோ செவிலியரோ ஒதுக்கித் தரப்படாத நிலையில், 2006-இல் ஹராரே நகரின் ம்பாரே பகுதியில் 14 பாட்டிமாரைச் சேர்த்துக்கொண்டு, கிளினிக் வளாகத்தில் மரத்தடியில் ஒரு மரப்பெஞ்சைப் போட்டு வேலையைத் தொடங்கினார். தோட்டத்து ஸ்டோர் வாசலிலும் கோயில் மரத்தடியிலும் மூத்த பெண்கள் உட்கார்ந்து பேசிப் பழகிய நமக்கு, இந்தக் காட்சியைப் புரிந்துகொள்ள எந்த விளக்கவுரையும் வேண்டியதில்லை.

ஆனால் இந்த நூலை அவசரமாகப் படிப்பவர், பாட்டிமார் ஆறுதல் சொன்னார்கள், துயரம் தீர்ந்தது என்ற அளவில் நின்றுவிடக்கூடும். அதனால் படிக்கும்போது சில இடங்களில் பென்சிலால் கோடிட்டுக்கொள்ளுங்கள். பாட்டிமாருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. உட்கார்ந்தவரிடம் முதலில் 14 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலைக் கேட்டு, துயரத்தின் அளவை மதிப்பிட்டார்கள். பிறகு மனத்தைத் திறக்கச் செய்தல், அவரை எழுந்து நிற்கச் செய்தல், வலுப்படுத்துதல் என்ற மூன்று கட்டங்களில், சொல்லப்பட்ட பல சிக்கல்களுள் ஒன்றை அவரே தேர்ந்தெடுத்து அதற்கு வழி காணும்படி துணை நின்றார்கள். ஆபத்தான நிலையில் இருப்பவரைத் தாமே வைத்துக்கொள்ளாமல் மேல்சிகிச்சைக்கு அனுப்பினார்கள். இந்த முறை உண்மையில் பயன் தருகிறதா என்று 24 கிளினிக்குகளில் 573 பேரைக் கொண்டு சோதித்து, 2016-இல் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்து, பெஞ்சில் பேசியவர்களிடம் துயரக் குறிகள் மற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தன. பரிவுக்குப் பின்னால் இத்தனை ஒழுங்கும் கண்காணிப்பும் இருந்தன என்பதை முதல் நூலிலேயே பார்த்துவிட்டால், பிற்பாடு படிக்கும் எந்த நூலையும் நிதானத்தோடு அணுக முடியும்.

அடுத்ததாக நோயாளர் கதைகள். ஸ்டீபன் கிராஸ் 2013-இல் எழுதிய 'தி எக்ஸாமின்ட் லைஃப்' இதற்கு மிகவும் பொருந்தும். அத்தியாயங்கள் குறுகியவை, கலைச்சொற்கள் ஏறக்குறைய இல்லை, லண்டனில் பல்லாண்டு உளப்பகுப்பாய்வு செய்த அனுபவம் அதில் இருக்கிறது. ஓர் இரவில் ஓர் அத்தியாயத்துக்கு மேல் படிக்க வேண்டாம். படித்து முடித்ததும் நூலை மூடிவிட்டு, நோயாளி தம் வாயால் சொன்னது எது, சிகிச்சையாளர் அதற்குக் கொடுத்த பொருள் எது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் தனித்தனியே எழுதுங்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகாதவர்கள், எழுத்தாளரின் விளக்கத்தையே நோயாளியின் வாழ்க்கை என்று எடுத்துக்கொள்வார்கள். பிறகு கதையில் சொல்லப்படாதவற்றைத் தேடுங்கள்: அவருக்கு வேலை எப்படிப்பட்டது, வீடு சொந்தமா வாடகையா, அந்தச் சிகிச்சைக்கு யார் பணம் கொடுத்தார்கள்? நம் ஊரில் ஒருவருடைய தூக்கமின்மையைப் பற்றிப் பேசும்போது, செம்பனைக் குலை வெட்டும் வேலையில் போன முதுகையும், தோட்டத்தை விட்டு வெளியேறச் சொல்லி வந்த கடிதத்தையும் ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. இந்தக் கேள்விகளைக் கேட்பதால் நூலின் மதிப்பு குறைவதில்லை.

நோயாளர் கதையை எழுதுபவர் எப்போதும் சிகிச்சையாளராகவே இருப்பதால் எழும் சிக்கலை விளங்கிக்கொள்ள, உளப்பகுப்பாய்வை நிறுவிய சிக்மண்ட் ஃபிராய்ட், டோரா என்று பெயர் மாற்றி ஓர் இளம் நோயாளியைப் பற்றி 1905-இல் வெளியிட்ட வரலாற்றை ஒருமுறையேனும் படித்துவிடுவது நல்லது. தந்தையின் நண்பர் தன்னிடம் அத்துமீறினார் என்று அந்த இளம்பெண் சொன்னதை வீட்டார் ஏற்கவில்லை. அது நடந்தது என்பதை ஃபிராய்ட் ஏற்றார்; எனினும் அவளுக்கு அந்த மனிதர்மீது உள்ளூர விருப்பம் இருந்தது என்று வற்புறுத்தினார். சில வாரங்களிலேயே, 1900-ஆம் ஆண்டின் இறுதியில், அவள் சிகிச்சையை விட்டு வெளியேறிவிட்டாள். தன்மீது அவள் ஏற்றிய உணர்வுகளை உரிய நேரத்தில் கவனிக்கத் தவறினேன் என்று ஃபிராய்ட் பின்னுரையில் எழுதினார். உறவினர் ஒருவரைப் பற்றிப் பெண்பிள்ளை வாய்திறந்தால் 'குடும்ப மானம் போய்விடும்' என்று அடக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருப்பதால், இந்த வரலாற்றை ஃபிராய்டின் பக்கம் நின்று மட்டுமின்றி அந்தப் பெண்ணின் பக்கம் நின்றும் படிக்க வேண்டும். இருபக்கக் கூற்றும் கிடைக்கும் நூல் வேண்டுமானால், அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோமும் அவருடைய நோயாளியும் ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் தனித்தனியே எழுதிய குறிப்புகளைச் சேர்த்து 1974-இல் வெளிவந்த 'எவ்ரி டே கெட்ஸ் எ லிட்டில் க்ளோசர்' இருக்கிறது. அண்மை நூல்களில், லோரி காட்லிப் 2019-இல் எழுதிய 'மேபி யூ ஷுட் டாக் டு சம்ஒன்' அதன் வேறொரு வடிவம். தாம் நடத்தும் சிகிச்சையோடு, தாமே ஒரு சிகிச்சையாளரிடம் போய் அழுததையும் அவர் ஒளிக்காமல் சொல்கிறார்.

இந்நூல்களைத் தனியாகப் படிப்பதைவிட நான்கைந்து பேர் சேர்ந்து படிப்பது பலன் தரும். தமிழ்ப்பள்ளி வகுப்பறையோ கோயில் மண்டபத்தின் ஒரு மூலையோ போதும். ஆங்கிலம் சரளமாக வராதவர்களும் சேரலாம். ஒருவர் படித்துவந்த அத்தியாயத்தை, நூலைப் பார்க்காமல், நம் ஊர்ப் பேச்சுத் தமிழில் பத்து நிமிடத்தில் சொல்லட்டும். இப்படிச் சொல்லும்போது கலைச்சொற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. புரியாத இடம் எதுவென்று சொல்பவருக்கே தெரிந்துவிடும். ஆனால் முதல் நாளே ஒரு விதியை வைத்து, அதை ஒவ்வொரு முறையும் நினைவூட்ட வேண்டும்: 'இது நம்ம இன்னார் மகன் கதை மாதிரியே இருக்கு' என்று எவரும் சொல்லக் கூடாது. பெருநகரத்து எழுத்தாளர் பெயரையும் ஊரையும் மாற்றினால் நோயாளியை மறைத்துவிட முடியும். அனைவரும் மாமன் மச்சான் உறவாக இருக்கும் நம் ஊரில் பெயரை மாற்றினாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பேசுபவர் தம்மைப் பற்றி மட்டும் பேசலாம். அதுவும் அவராக விரும்பினால். கேட்டதை வெளியே கொண்டுபோகாமல் இருப்பவர்கள்தாம் அடுத்த கூட்டத்துக்கு வர வேண்டும்.

தாய்க்கும் குழந்தைக்கும் இடையிலான பிணைப்பைப் பற்றிப் பேசாத உளச்சிகிச்சை நூல் இன்று அரிது. அதற்கெல்லாம் அடிப்படை பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பவுல்பியின் ஆய்வு. உலகச் சுகாதார நிறுவனத்துக்காக 1951-இல் அவர் எழுதிய அறிக்கை, தாயின் தொடர்ந்த அரவணைப்பு இல்லாத குழந்தைக்கு என்ன நேரும் என்பதைப் பேசியது. இதைப் படிக்கும்போது தோட்டத்துப் பெண் வாசகருக்கு நெஞ்சு கனக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். விடிவதற்கு முன்பே பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போக வேண்டிய தாய், தூங்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போனாள். அவளுக்கு வேறு வழி தரப்படவில்லை. ஆகவே இவ்வகை நூல்களில் 'தாய்' என்ற சொல் வரும் ஒவ்வோர் இடத்திலும், அந்தத் தாயின் வேலை நேரத்தை நிர்ணயித்தவர் யார் என்று கேளுங்கள். பவுல்பியோடு பணியாற்றிய மேரி ஐன்ஸ்வொர்த் தம் முதல் கள ஆய்வை உகாண்டாவின் கிராமத்து வீடுகளில்தான் நடத்தினார். 1967-இல் வந்த அந்நூலில், குழந்தை தாயோடு மட்டுமின்றிப் பிறரோடும் பிணைப்புக் கொள்வதை அவர் பதிவு செய்திருக்கிறார். நம் ஆயாக்கொட்டகையில் பல பிள்ளைகளை மடியில் போட்டு வளர்த்த அந்த ஆயாமாரை இந்தக் கோட்பாட்டுக்குள் எங்கே வைப்பது என்பது, ஒரு முழுக் கூட்டத்துக்குப் பேச வேண்டிய பொருள்.

உளப்பகுப்பாய்வு பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று கருதுவோருக்கு எலிசபெத் ஆன் டான்டோ 2005-இல் எழுதிய 'ஃபிராய்ட்ஸ் ஃப்ரீ கிளினிக்ஸ்' நூலைக் கொடுக்கலாம். முதல் உலகப் போர் முடியும் வேளையில், 1918-இல் புடாபெஸ்டில் பேசிய ஃபிராய்ட், ஏழைக்கு உயிர்காக்கும் அறுவைச் சிகிச்சையில் எவ்வளவு உரிமை உண்டோ அவ்வளவு உரிமை மனத்துக்கான உதவியிலும் உண்டு என்றார். அதையடுத்து 1920-இல் பெர்லினிலும் 1922-இல் வியன்னாவிலும் இலவசச் சிகிச்சையகங்கள் திறக்கப்பட்டன. இந்த மரபைத் தொடர்ந்து இலத்தீன் அமெரிக்க விடுதலை உளவியல்வரை கொண்டுசெல்வது டேனியல் காஸ்டாம்பிடே 2019-இல் எழுதிய 'எ பீப்பிள்ஸ் ஹிஸ்டரி ஆஃப் சைக்கோஅனலிசிஸ்'. இதன் நடை கல்லூரி நடை. இரண்டாம் ஆண்டுக்கு ஒதுக்கி வைக்கலாம்.

அதற்கு முன், காலனி ஆட்சியை எதிர்த்த மனநல மருத்துவர் பிரான்ஸ் ஃபானோனைச் சந்திக்க வேண்டும். ஆடம் ஷாட்ஸ் 2024-இல் வெளியிட்ட 'தி ரெபெல்ஸ் கிளினிக்' என்ற வாழ்க்கை வரலாறு அதற்கு வழி திறக்கிறது. 1953-இல் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட அல்ஜீரியாவின் பிளிடா மனநல மருத்துவமனைக்குப் பொறுப்பேற்ற ஃபானோன், பிரான்சில் கற்றுவந்த குழுச் செயல்பாடுகளை அங்கே புகுத்தினார். ஐரோப்பியப் பெண்களின் வார்டில் அவை பலித்தன. அல்ஜீரிய முஸ்லிம் ஆண்களின் வார்டில் பலிக்கவில்லை. குறை நோயாளிகளிடம் இல்லை, அவர்களுடைய வாழ்முறையை அறியாமல் கொண்டுவந்த முறையில்தான் இருக்கிறது என்று முடிவுசெய்து, அவர்களுக்குப் பழக்கமான காபிக்கடையையும் பண்டிகைகளையும் கதைசொல்லியையும் மருத்துவமனைக்குள் கொண்டுவந்தார். இந்த நிகழ்வு நமக்கு மிக நெருக்கமானது. சுங்கை சிப்புட்டிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையும் 1911-இல் காலனி ஆட்சி திறந்ததுதான். அந்த ஊரின் பெயரையே வசைச்சொல்லாக்கிப் பிள்ளைகளை அதட்டுகிறோம். 1948 ஜூன் 16-இல் இதே வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் மூவர் சுட்டுக்கொல்லப்பட்டதையடுத்து, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்கப் பிரிட்டிஷ் ஆட்சி அவசரகாலத்தைப் பிறப்பித்தது. அந்த ஆண்டுகளின் பயத்தைப் பற்றிப் பல குடும்பங்களில் எதுவும் சொல்லப்படவில்லை. சொல்லப்படாதது அடுத்த தலைமுறைக்கு எப்படி வந்து சேர்கிறது என்பது உளப்பகுப்பாய்வு நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் கேள்வி என்பதால், ஃபானோனைப் படிக்கும் வாரத்தில் வீட்டிலுள்ள மூத்தவரிடம் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். அவர் பேச விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

சாமியாடிகளையும் பேய் பிடித்தலையும் பற்றிய கேள்வி குழுவில் எழாமல் இருக்காது. இந்தியாவின் உளப்பகுப்பாய்வாளர் சுதிர் கக்கார், 2024-இல் மறைந்தவர், 1982-இல் எழுதிய 'ஷாமன்ஸ், மிஸ்டிக்ஸ் அண்டு டாக்டர்ஸ்' பழைய நூலானாலும் இந்தக் கேள்விக்கு இன்றும் அதுவே துணை. ராஜஸ்தானில் பேயோட்டுவதற்குப் பெயர்பெற்ற பாலாஜி கோயிலுக்குச் சென்று, அங்கு வந்தவர்களோடு பேசி, ஏளனமும் இல்லாமல் பக்திப் பரவசமும் இல்லாமல் எழுதினார். பூசாரியிடம் போவதா டாக்டரிடம் போவதா என்ற சண்டையில் இறங்காமல், அங்கே போனவருக்கு என்ன கேட்கக் கிடைத்தது, குடும்பம் அவரோடு எப்படி நின்றது என்று பார்க்க இந்நூல் கற்றுத்தருகிறது. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: கோயிலுக்குப் போவதற்காக மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

இனி, நூல் சொல்வதை எவ்வளவு நம்புவது என்ற கேள்வி. அழகாக எழுதப்பட்ட கதை, நிரூபணம் ஆகிவிடாது. பின்பக்கக் குறிப்புகளைப் புரட்டி, ஒரு கூற்றுக்கு ஆதாரமாக ஒரே ஒரு நோயாளியைக் காட்டுகிறாரா, பலரை ஒப்பிட்ட ஆய்வைக் காட்டுகிறாரா என்று பாருங்கள். உளப்பகுப்பாய்வு வழி வந்த சிகிச்சைக்கு ஆதாரமே இல்லை என்று சொல்வோரும் உண்டு. ஜோனதன் ஷெட்லர் 2010-இல் எழுதிய கட்டுரை, அவ்வகைச் சிகிச்சையின் பயன் பிற சிகிச்சைகளுக்கு இணையாக இருப்பதை ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியது. மறுபுறம், தவறான எண்ணங்களைக் கண்டறிந்து மாற்றும் அறிவாற்றல் சிகிச்சையை உருவாக்கிய ஆரன் பெக்கும் உளப்பகுப்பாய்வில் பயின்றவரே. மனச்சோர்வு பற்றி அதில் கற்றதை ஆய்வால் நிரூபிக்க முயன்று, முடிவுகள் ஒத்துவராததால் புதிய வழி கண்டார். பெசல் வான் டெர் கோல்க் 2014-இல் எழுதிய 'தி பாடி கீப்ஸ் தி ஸ்கோர்' உலகெங்கும் பெருமளவில் விற்றது, பலருக்கு ஆறுதலும் தந்தது; எனினும் நினைவு பற்றி அதிலுள்ள சில கூற்றுகளை ஆய்வாளர்கள் மறுத்திருக்கிறார்கள். அதிர்ச்சிக்கு ஆளான ஒருவர் இந்நூலைத் தனியாக, இரவில் படிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நேரடியாக ஃபிராய்டைப் படிக்க விரும்புபவர், மார்க் சோம்ஸ் திருத்திப் பதிப்பித்து 2024-இல் வந்த 24 தொகுதிகளைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. 1926-இல் வந்த 'தி க்வெஸ்சன் ஆஃப் லே அனாலிசிஸ்' என்ற சிறு நூல் போதும். மருத்துவரல்லாத தியோடர் ராய்க் போலி மருத்துவம் செய்தார் என்று வியன்னாவில் குற்றஞ்சாட்டப்பட்டபோது, அவருக்கு ஆதரவாக ஃபிராய்ட் எழுதியது அது. ஒன்றும் அறியாத நடுநிலையாளர் ஒருவர் கேள்வி கேட்க, ஃபிராய்ட் பொறுமையாகப் பதில் சொல்லும் உரையாடலாக அமைந்திருப்பதால், குழுவில் இருவர் மாறி மாறி வாய்விட்டுப் படிக்கலாம். யார் சிகிச்சை தரலாம் என்ற அதே கேள்விக்கு நம் நாட்டுச் சட்டம் சொல்லும் பதிலையும் அப்போதே தெரிந்துகொள்ளுங்கள். 1998-ஆம் ஆண்டின் கவுன்சலர் சட்டப்படி, பதிவுபெற்றவர் மட்டுமே கவுன்சலராகத் தொழில் செய்ய முடியும். எவ்வளவு நூல் படித்திருந்தாலும் நம் வாசகர் குழு அந்த இடத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது.

நூல் வாங்கும் வழி பற்றி அதிகம் சொல்ல ஏதுமில்லை. நால்வர் பணம் போட்டு ஒரு பிரதி வாங்கிச் சுற்றுக்கு விடலாம். ஈப்போவில் பழைய புத்தகக் கடைகளைத் தேடலாம். வாங்குவதற்கு முன் மின்னூலின் மாதிரிப் பக்கங்களைப் படித்துப் பார்க்கலாம். வருமான வரி கட்டுபவர்கள் ரசீதை வைத்திருந்தால், வாழ்க்கைமுறைச் செலவுக்கான 2,500 வெள்ளி (ரிங்கிட்) வரையிலான வரிக் கழிவில் புத்தகச் செலவையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நூலை மூடிவைக்க வேண்டிய நேரமும் உண்டு. குழுவில் ஒருவர் பல வாரங்களாகத் தூக்கமும் பசியும் இல்லை, வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னால், அன்றைய அத்தியாயத்தை நிறுத்திவிடுங்கள். உயிரை விடும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள்; அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைப்பதாகாது. போலீஸ் வருமோ என்று அஞ்ச வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆம் பிரிவை நாடாளுமன்றம் 2023-இல் நீக்கிவிட்டது. தாலியான் ஹீல் 15555 என்ற அரசாங்கத் தொலைபேசிச் சேவையையும், இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் பிஃபிரெண்டர்ஸ் 03-7627 2929 என்ற எண்ணையும் குழுவின் ஒவ்வொரு பிரதியின் உள்ளட்டையிலும் எழுதி வையுங்கள். உடனடி ஆபத்து என்றால் 999. அவ்வளவு அவசரமில்லாத நிலையில், அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். அங்குள்ள மருத்துவர் தேவைப்பட்டால் மனநலப் பிரிவுக்கோ மென்தாரி எனும் அரசாங்கச் சமூக மனநல மையத்துக்கோ கடிதம் கொடுப்பார். தலைவலி, நெஞ்சடைப்பு என்று மட்டும் சொல்லித் திரும்பிவிடுவது நம்மவர் வழக்கம் என்பதால், தூக்கத்தையும் மனநிலையையும் பற்றிச் சொல்ல வேண்டியவற்றை முதல் நாளே ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். அவர் விரும்பினால் குழுவில் ஒருவர் உடன் போகலாம். மருத்துவர் அறைக்குள் நுழைவதும் வெளியே காத்திருப்பதும் அவர் சொல்வதைப் பொறுத்தது.